ஆறுதலாய் ஏறிய மருந்து

டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிற கிருசாந்தியைப் பற்றி எங்கள் தமிழ் ஆட்களிடம் இரண்டு விதமான கதை இருந்தது. ஏலாத மனிதரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு தீத்திவிடுவதில் அவளைப்போலப் பொறுமையான ஆளைக் காணமுடியாது என்பது ஒன்று. கொண்டாட்டம் என்று வந்தால் தலையிடி என்று போய்ப் படுத்துவிடுவாள் என்பது மற்றது. இந்த இரண்டாவது கதை அவளுடைய தம்பியின் கல்யாணத்தன்று தொடங்கியது.

தம்பி தாரகன் படித்து, கொப்பன்ஹேகனில் வேலை எடுத்து, அல்பர்ட்ஸ்லுண்டில் வீடு வாங்கி இருந்தவன். தாலி கட்டி முடிந்து ஆட்கள் சாப்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் பிடித்திருந்த வெளிச்சம் கிருசாந்தியின் கண்ணோரத்தில் மரம் அரிகிற வாளின் பற்களைப்போல நெளியத் தொடங்கியது. அந்த நெளிவு வந்தால் பின்னால் என்ன வரும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். முதலில் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்து. பிறகு பாதித் தலை முழுவதும் இடி. பிறகு சத்தி. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது. குளிசையை விழுங்கினால் அது வெளியே வந்து விழும்.

கணவன் குலேந்திரன் அவளைக் காரில் ஏற்றி, கிட்ட இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனான். சனிக்கிழமை. வாசல் வரைக்கும் சனம். ஒரு தாதி வந்து கையில் ஊசி போட்டு, மருந்தை ஒரே அமுக்கில் உள்ளே ஏற்றிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினாள். அது சத்தியை நிற்பாட்டுகிற மருந்து. ஒற்றைத் தலையிடிக்கும் அது நன்றாகக் கேட்கும் என்பது கிருசாந்திக்கு அன்று தெரியாது.

கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. அது வலி இல்லை. படுக்கவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை. காலையும் கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தோலைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடவேண்டும்போல ஒரு பதற்றம். கையில் குத்தியபடி விட்டிருந்த ஊசிக் குழாயைத் தானே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, கார்கள் நிற்கிற இடத்தில் மேலும் கீழுமாக நடக்கத் தொடங்கினாள். குளிருக்குள், பட்டுச் சேலையோடு, செருப்பும் இல்லாமல். குலேந்திரன் பின்னால் நடந்து கெஞ்சினான். விசாரிக்க வந்த பெண் வீட்டு உறவினர் இரண்டொருவர் அதைக் கண்டார்கள். பொழுதுபட முன்னமே மண்டபத்தில் கதை பரவிவிட்டது, தாரகனின் அக்காவுக்கு மூளை சரியில்லையாம் என்று.

தாரகன் அவளை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் ரெலிபோன் எடுப்பது குறைந்துபோனது. பிரெடெரிசியாவுக்கு வந்தாலும் தகப்பனைப் பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்பிவிடுவான்.

அந்த மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறிவிட்டது. பிறகு எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் கணினியைப் பார்ப்பார்கள், அதை விட்டுவிட்டு மோர்ஃபின் கொடுப்பார்கள். மோர்ஃபின் வலியை அமுக்கும். ஆனால் ஆளையும் சேர்த்து அமுக்கிவிடும். ஒரு பகல் முழுக்க அவள் மரக்கட்டைபோலக் கிடப்பாள். கண்ணை விழிக்கிறபோது தலையிடி கட்டில் ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும். மகள் மிதுஷா பள்ளிக்கூடம் முடித்து, இந்த நாட்டு வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்ட நாளை அவள் அப்படித்தான் தவறவிட்டாள். கடைசியாகப் போனபோது ஒரு மருத்துவர், மோர்ஃபினுக்காகத்தான் வந்தாயா என்று கேட்கவில்லை. ஆனால் கேட்கிறமாதிரிப் பார்த்தார். அதோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினாள். தலையிடி வந்தால் படுக்கையறை யன்னலைப் போர்வையால் மூடி, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது குலேந்திரனையும் மகளையும் தவிர வேறொருவருக்கும் தெரியாது.

போன கார்த்திகையில் அவளுடைய தகப்பன் ஆனந்தராஜா ஆஸ்பத்திரியில் கிடந்தார். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து கனகாலம். நுரையீரல் பழுதுபட்டு, வீட்டிலேயே ஒட்சிசன் குழாயோடு இருந்தார். நெஞ்சில் சளி கட்டி இந்தமுறை கொண்டு வந்தபோது, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று வார்ட்டிலிருந்த மருத்துவர் கிருசாந்தியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நாட்களாக இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம்.

கிருசாந்தி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே கதிரையில் இருந்தாள். மற்றவர்களின் தாய் தகப்பனுக்குச் செய்து பழகிய கை. உதட்டை நனைத்துவிட்டாள், தலையணையை மாற்றி வைத்தாள், முதுகைத் தடவினாள். நித்திரையும் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடும் இல்லை. தலையிடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் காலை முகம் கழுவப் போனாள். கண்ணாடியில் தன் முகத்தின் ஒரு பக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் வாள் பற்கள் நெளிந்துகொண்டிருந்தன. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற, தலையிடிக்கு மூக்கில் அடிக்கிற மருந்தை அடித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்தாள். தெய்வமே, இண்டைக்கு வேண்டாம் என்று மட்டும் நினைத்ததாக என்னிடம் சொன்னாள். மருந்து கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தகப்பனின் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்து, குப்பை வாளிக்குள் சத்தி எடுத்தாள். தகப்பனுக்கு ஒட்சிசன் பார்க்க வந்த தாதி அதைக் கண்டு, அவளைச் சில்லுக் கதிரையில் இருத்தி, கண்ணுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டு, கீழ்த்தளத்திலுள்ள அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தகப்பனோடு குலேந்திரன் நின்றான்.

கீழே ஒரு இளம் மருத்துவர் அவளை ஒரு சிறிய அறையில் கிடத்தி, விளக்கைக் குறைத்தார். நல்ல மனிதர்தான். பதிவைப் பார்த்தார். சத்தி மருந்து ஒத்துக்கொள்ளாது என்று இருந்தது. மோர்ஃபின் கொண்டு வரும்படி தாதியிடம் சொன்னார்.

கிருசாந்தி துவாயை விலக்கினாள். வெளிச்சம் ஆணிபோல ஏறியது. என்றாலும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அவளுடைய டேனிஷ் அந்த வேளைகளில் தடுமாறும். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"என்னை நித்திரையாக்க வேண்டாம். மேலே என்னுடைய அப்பா சாகிறார்."

இளம் மருத்துவர் தாதி கொண்டு வந்த ஊசியை வாங்கி வைத்துவிட்டு வெளியே போய்த் தன்னிலும் மூத்தவரைக் கூட்டி வந்தார். ரிக்கே என்ற அந்த மருத்துவருக்கு ஐம்பது வயது இருக்கும். வந்தவர் நின்றபடி கதைக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து, கிருசாந்தியின் தலை மட்டத்துக்கு வருகிறமாதிரி இருந்துகொண்டு, மெதுவான குரலில் ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு அந்த ஊசியை எவ்வளவு வேகமாகப் போட்டார்கள்?

இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ஒரே அமுக்கில், என்றாள் கிருசாந்தி. பிறகு நடந்ததையும் சொன்னாள், தோலைக் கழற்றவேண்டும்போல இருந்ததையும், செருப்பில்லாமல் நடந்ததையும். சொல்கிறபோது இடையில் ஒருமுறை சத்தி எடுத்தாள். ரிக்கே காத்திருந்தார்.

அது ஒவ்வாமை இல்லை, மூளை பிசகிய விசரும் இல்லை என்றார் ரிக்கே. அந்த மருந்து சிலருக்குச் செய்கிற வேலை அது. அதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது. வேகமாக ஏற்றினால் கூடுதலாக வரும், சேலைன் பையில் கலந்து மெல்ல மெல்ல இறக்கினால் குறைவாக வரும். வராது என்று சத்தியம் செய்யமாட்டேன் என்றும் சொன்னார். பிறகு மருந்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறமாதிரி அவளுக்கு விளங்கப்படுத்தினார். மோர்ஃபின் சாதியை ஒற்றைத் தலையிடிக்குக் கொடுத்துப் பார்த்த இடங்களில், சத்தி மருந்துகளைவிட அது நன்றாக வேலை செய்யவில்லை. வலி திரும்பி வருவதும், அடிக்கடி கொடுத்தால் தலையிடியே அடிக்கடி வருவதும் உண்டு. சத்தி மருந்தோடு அழற்சியைக் குறைக்கிற வலி ஊசி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். அது ஆளை மயக்காது. சத்தி மருந்தால் பழையபடி பதற்றம் வந்தால் அதை முறிக்கிற மருந்து கைவசம் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் நித்திரை வரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, முடிவு உங்களுடையது என்றார்.

இதற்குள் குலேந்திரன் மேலிருந்து இறங்கி வந்துவிட்டான். தாரகன் வந்து சேர்ந்துவிட்டான், மாமாவோடு அவன் நிற்கிறான் என்றான். எந்த மருந்து என்று கேட்டதும் அவனுடைய முகம் மாறியது. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின்களோடு வேலை செய்கிறவன். லேசில் பயப்படாதவன். அந்தக் கார்த் தரிப்பிடத்தை மட்டும் அவன் மறக்கவில்லை.

"அது வேண்டாம். அண்டைக்கு நீர் பட்ட பாடு எனக்குத் தெரியும்," என்றான். "மோர்ஃபினைப் போட்டுட்டுக் கொஞ்சம் படுத்திரும். நான் மாமாவோட நிக்கிறன். ஏதும் எண்டால் எழுப்புறன்."

"எழுப்பினாலும் நான் எழும்பமாட்டன். உங்களுக்குத் தெரியுந்தானே."

அவன் ரிக்கேயைப் பார்த்தான்.

"நித்திரையாக் கிடந்து அப்பாவை விடேலாது," என்றாள். "அந்தப் பதட்டம் வந்தால் வரட்டும். அவற்ர கட்டிலைச் சுத்தி நடக்கிறன்."

ரிக்கே பக்கம் திரும்பி, ஏற்றுங்கள் என்றாள்.

சேலைன் பையைத் தொங்கவிட்டார்கள். வலி ஊசியைத் தனியாகப் போட்டார்கள். ஒரு தாதி பக்கத்திலேயே இருந்து, துளி விழுகிற வேகத்தைக் கையால் குறைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கிருசாந்தி தலையிடியை மறந்து தன் கால்களையே கவனித்தாள். பெருவிரல் அசைந்தால்கூட அதுதானோ என்று நெஞ்சு அடித்தது. ஒருமுறை முழங்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. தாதியின் கையைப் பிடித்தாள். தாதி துளியை இன்னும் குறைத்தாள். ஊர்வு அங்கேயே நின்றது, மேலே ஏறவில்லை.

குலேந்திரன் திரும்பி மேலே போக, தாரகன் கீழே வந்தான். மேலிருந்து இறங்கும்போதே கோபத்தோடுதான் வந்திருக்கிறான். கொப்பன்ஹேகனிலிருந்து கடல் பாலம் கடந்து, மழைக்குள் ஓடி வந்து பார்த்தால் தகப்பனின் பக்கத்துக் கதிரை காலியாக இருக்கிறது. அக்கா எங்கே என்றால், கீழே, தலையிடி. அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அறைக் கதவை வேகமாகத் தள்ளித் திறந்தான். வெளியிலிருந்த வெளிச்சம் உள்ளே விழுந்ததும் கிருசாந்தி முனகிக்கொண்டு கையால் கண்ணைப் பொத்தினாள்.

அக்காவுக்கு இது வருகிறதை இவ்வளவு கிட்டத்தில் அவன் கண்டதில்லை. சின்ன வயதில் அது ஒரு பூட்டிய கதவு. பெரியவனான பிறகு அது தட்டிக்கழிக்கிற ஒரு சாட்டு. இப்போது சாம்பல் பூத்த முகம், வேர்வையில் ஒட்டிய தலைமயிர், ஒரு பக்கம் சுருங்கிப்போன கண். கதவை மெதுவாகச் சாத்தினான். அவள் மறுபடியும் ஓங்காளித்தபோது, தாதியின் கையிலிருந்த கடதாசிக் கிண்ணத்தைத் தான் வாங்கி அவளுடைய வாய்க்குக் கீழே பிடித்தான். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. மற்றக் கையால் அவளுடைய நெற்றியைத் தாங்கிக்கொண்டான்.

"அப்பா?" என்று கேட்டாள்.

"இருக்கிறார். உன்னைத்தான் கேட்டவர்."

பை முடிந்தது. வலி ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் விலகியது மணம். மருந்து மணமும், பக்கத்து அறையில் யாரோ குடித்த கோப்பியின் மணமும் மூக்குக்குள் வெட்டாமல் விட்டன. பிறகு இடி தள்ளிப்போனது, மேல்வீட்டில் யாரோ நடக்கிறதுபோல. கடைசியாக இடது கண்ணைத் திறந்தாள், திறந்தபடி வைத்திருக்க முடிந்தது. தலை முழுக்கச் சுகமில்லை, ஆனால் கதிரையில் இருக்கலாம் என்றாள். கால்கள் பேசாமல் கிடந்தன. ரிக்கே வந்து கால்களை நீட்டி மடக்கிப் பார்த்து, போகலாம் என்றார். சில்லுக் கதிரையைத் தாரகன்தான் தள்ளினான்.

ஆனந்தராஜா கண்ணை மூடிக் கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. கிருசாந்தி அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம், பிள்ளை?"

பள்ளிக்கூடத்திலிருந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வரும் நாட்களில் அவர் கேட்கிற கேள்வி அது. வேலைக் களைப்போடு வந்து, ஒரு பேச்சும் இல்லாமல் யன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து நெற்றியில், மீன் மணம் போகக் கழுவிய கையை வைத்துக்கொண்டிருப்பார்.

"இடப்பக்கம் அப்பா. இப்ப பரவாயில்லை. மருந்து தந்தவை."

"நித்திரை கொள்ளன்."

"இல்லை அப்பா. நான் முழிச்சுக்கொண்டு இருக்கிறன்."

அவர் கையைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. கிருசாந்தி குனிந்து, தன் நெற்றியின் இடது பக்கத்தை அந்தக் கையில் வைத்தாள். ஊசி ஏற்றிய அடையாளத்தோடு அப்படியே குனிந்து இருந்தாள். மற்றப் பக்கம் தாரகன் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பின்னேரம் ஆனந்தராஜா இன்னும் சில சொற்கள் பேசினார். மனைவியின் பெயரைச் சொன்னார். தண்ணீர் கேட்டார். பேத்தி மிதுஷா வந்து டேனிஷில் ஏதோ சொன்னபோது, அதற்கு டேனிஷிலேயே ஓம் என்றார். இருட்டிய பிறகு அவர் கதைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், அந்த நீண்ட இடைவெளிகளில் ஒன்று முடியாமலே போனது. கிருசாந்தி கண்டாள். வேலையிடத்தில் பல பேருடைய கடைசி மூச்சை அவள் கண்டவள். ஆனாலும் இது அந்தக் கணக்கில் சேரவில்லை என்றாள்.

தலையிடி அன்று பின்னேரம் லேசாகத் திரும்பி வந்தது. அதோடுதான் அவள் மற்ற ஒழுங்குகளைச் செய்தாள். செத்தவீட்டிலும் அதன் மிச்சத்தோடுதான் நின்றாள். மண்டபத்தில் ஒரு வயதான உறவினர் அவளைப் பார்த்து, உனக்கு அந்த நோய் இப்ப எப்படி என்று ஒருமாதிரிச் சிரித்தபடி கேட்டார். அவள் பதில் சொல்ல முன்னம் தாரகன் இடையில் வந்தான். அது மூளைக்குள்ள வாற நோய் மாமா, நான் கண்ணால கண்டனான், இனி அப்பிடிக் கதைக்காதேங்கோ என்றான். உறவினர் முகம் சிவந்து நகர்ந்தார். கிருசாந்திக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லை, அப்பா இருந்திருந்தால் தம்பி சொன்னதைக் கேட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன் என்றாள்.

மருத்துவர் ரிக்கே பதிவைத் திருத்திவிட்டார். ஒத்துக்கொள்ளாது என்று இருந்த இடத்தில், மெதுவாக மட்டும் ஏற்றவும் என்று இப்போது இருக்கிறது. தலையிடிக்கென்றே இருக்கிற சிறப்பு மருத்துவரிடமும் அனுப்பிவைத்தார். அங்கே, வராமல் தடுப்பதற்கு மாதம் ஒருமுறை போடுகிற ஊசியைத் தொடங்கினார்கள். தலையிடி முற்றாக நிற்கவில்லை. ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. இடையில் ஒரு தரம் வேலையிடத்தில் கடுமையாக வந்து, குலேந்திரன் அதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கும் அந்த மருந்துதான். பையில் கலந்து, துளித் துளியாக ஏற்றினார்கள். அந்தமுறை பதற்றம் கொஞ்சம் வந்தது. தாதி பையை நிறுத்திவிட்டு அவளோடு நடைபாதையில் கொஞ்ச நேரம் நடந்தாள். அது தணிந்த பிறகு திரும்பி வந்து மிச்சத்தை ஏற்றினார்கள். அப்பாவின் கடைசி நாளில் அது வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். தனக்குத் தெரியாது என்கிறாள்.

இந்த மாசியில் ஒருநாள் காலை, முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தாரகனிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவன் எடுக்கிறவன் இல்லை. சீப்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவனுடைய மகள், இப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியவள், வகுப்பில் கண்ணுக்கு முன்னால் ஏதோ நெளியுது என்று அழுது சத்தி எடுத்தாளாம். வகுப்பு ஆசிரியை ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். என்ன மருந்து கொடுப்பது, அக்காவிடம் இருக்கிறதில் எது நல்லது என்று கேட்டான்.

தன்னுடைய மருந்து பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்தில்லை என்றாள் கிருசாந்தி. குடும்ப வைத்தியருக்கு இன்றைக்கே ரெலிபோன் எடுத்துச் சொல்லு, அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள் என்றாள். அதுவரைக்கும் வெளிச்சமில்லாத இடத்தில் கிடத்து, கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுக்காதே, பக்கத்தில் இரு. பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து கெதியாகக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

"பள்ளிக்கூட வாசலிலதான் நிக்கிறன் அக்கா," என்றான் தாரகன். "காருக்குள்ள யன்னலை மறைக்கப் போர்வையும் கொண்டு வந்தனான்."